மனோன்மணீயம் சுந்தரம்பிள்ளை அவர்கள்

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இருந்து க.பொ.த. பரீட்சைக்குத் தமிழிலக்கியம் பயிலும் நமது வாலிபர்களிடம் எப்பகுதி கடினமானது என்று வினவினால், நாடகம் என்றே பலரும் விடை கூறுவர். செய்யுளுக்குப் பொழிப்புரை கிடைக்கிறது. கதைக்குச் சுருக்கம் கிடைக்கிறது. நாடகத்திலோ பலர் பேசுகின்றார்கள். யார் பேச்சு மெய், யார் பேச்சு பொய் என்பதை வாசிப்பவனே தீர்மானித்தல் வேண்டும். நூலாசிரியர் நடுவே வந்து ஒருவார்த்தை சொல்லமாட்டார். ஆகவே மாணவன் என்ன செய்கிறான்? நூலை மூடிவைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கிறான். பாத்திரப் பண்பு பத்து வரி, நாடகச் சுவை பத்து வரி என்று மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் அதை இறக்கிவைத்துவிட்டு வீடு திரும்புகிறான். நாடகம் அவன் காதில் ஒருமுறையேனும் ஒலித்ததில்லை.

இந்நிலை நம்மை வருத்துகின்ற காரணத்தால், தமிழில் நாடக இலக்கியம் என்றவுடன் யாவர்க்கும் நினைவுக்கு வரும் மனோன்மணீயத்தின் ஆசிரியர், ராவ்பகதூர் பெ. சுந்தரம்பிள்ளை அவர்களின் சரித்திரத்தை இம்மலரிலே சுருக்கமாக எழுத முற்பட்டோம். அவர் புலவர் என்பதைப் பலரும் அறிவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்லூரி மாணவரோடு கழித்த ஆசிரியர் அவர் என்பதையும், கூத்தாடுவதற்கென்பதைவிட வாசிப்பதற்கென்றே தம் நாடகத்தை ஆக்கினார் என்பதையும் அறிந்தோர் சிலரே.

பிள்ளையவர்கள் 1855ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்த ஆலப்புழை என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார்கள். தந்தையார் பெருமாள்பிள்ளை, தாயார் மாடத்தியம்மாள். தந்தையார் வணிகர்; சைவ ஒழுக்கத்தில் நின்றவர். ஊரிலே வழங்கிய மொழி மலையாளம். வீட்டிலே ஒலித்தவை தேவாரமும் திருவாசகமும். பின்னர் நாகப்பட்டினம் நாராயணசாமிப்பிள்ளை என்னும் புலவரிடம் முறையாகத் தமிழ் பயின்றார்கள். மறைமலையடிகளும் பிற்காலத்தில் இப்புலவரிடமே பாடங்கேட்டவர். வெளியே வேறு மொழி வழங்கும் ஊரிற் பிறந்த பிள்ளைக்கு வீட்டுப் பாராயணமே தமிழுக்கு வேராயிற்று என்பதை, ஊவா மாகாணத்துப் பெற்றோர் சற்று நின்று கவனிப்பாராக.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிற் பயின்று, 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு சிவகாமியம்மாளை மணந்தார்கள். அதே 1877இல் திருநெல்வேலியில் இருந்த ஆங்கிலத் தமிழ்ப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராக அழைக்கப்பெற்றார்கள். இந்தப் பாடசாலையே பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. சிறுவனாயிருந்த சுப்பிரமணிய பாரதியார் பயின்ற இடமும் இதுவே. தலைமையாசிரியராக வந்தபோது பிள்ளையவர்களுக்கு வயது இருபத்திரண்டுதான்.

திருநெல்வேலியில் அவர்கள் இருந்த காலம் சிறிது. அதனால் விளைந்த பயனோ பெரிது. தாமிரவருணிக் கரையிலுள்ள கோடகநல்லூரில் வாழ்ந்த சுந்தர சுவாமிகள் என்னும் துறவியாரைக் கண்டு, அவரையே ஞானாசிரியராகக் கொண்டார்கள். மனோன்மணீயத்திலே பாண்டியனுக்குக் குலகுருவாக வரும் முனிவருக்குச் சுந்தரமுனிவர் என்று பெயரிட்டமைக்குக் காரணம் இதுவே. நாடகத்தின் கதை நிகழும் இடமும் திருநெல்வேலிக் கோட்டையே.

ஈண்டு நமது நாட்டுச் செய்தியொன்றையும் சேர்த்து நினைத்தல் தகும். பிள்ளையவர்கள் திருநெல்வேலியில் ஆசிரியராயிருந்த அந்த ஆண்டுகள், தாது வருஷப் பஞ்சம் என்று நம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்த 1876 முதல் 1878 வரையான கொடும் பஞ்சத்தின் ஆண்டுகள். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாய் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டமைக்கு இத்தகைய பஞ்சங்களே பெருங்காரணம். அவர்கள் வந்து சேர்ந்தபோது காப்பியும் நோயுற்றிருந்தது. இலங்கையில் அந்த இலைநோய் முதன்முதற் காணப்பட்டது நம் மடுல்சீமைப் பக்கத்திலே, 1869இல். காப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடிய அதே இருபது ஆண்டுகளில், அக்கரையில் ஒரு மனிதர் தமிழுக்கு நாடகம் இல்லையே என்று கவன்று கொண்டிருந்தார். மனோன்மணீயம் நமக்கு அந்நியமான நூலன்று என்று சொல்வதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? நம் பாட்டனார் விட்டுவந்த மண்ணைக் களமாகக் கொண்ட நூல் அது.

மீண்டும் திருவனந்தபுரம் சென்ற பிள்ளையவர்கள், மகாராஜா கல்லூரியில் டாக்டர் ஹார்வி என்னும் தத்துவப் பேராசிரியரின் கீழ்ப் பணிபுரிந்து, 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார்கள். 1882 முதல் 1885 வரை அரசாங்க வருவாய்ப் பகுதியில் பெரிய உத்தியோகம் வகித்தார்கள். ஹார்வி ஓய்வுபெற்றபோது, தத்துவப் பேராசிரியர் பதவியை ஏற்று வகுப்பறைக்கே திரும்பினார்கள். இறக்கும் வரை அதை விட்டு நீங்கவில்லை. வருவாய் உத்தியோகத்தின் அதிகாரமும் செல்வாக்கும் அந்நாளில் எத்துணையென்று சொல்லவேண்டுவதில்லை. மகாராஜா அளித்த நிலத்தில் வீடு கட்டியபோது, அதற்கு ஹார்விபுரம் என்று தம் ஆசிரியர் பெயரையே இட்டார்கள். மனோன்மணீயத்தையும் அவருக்கே உரிமை செய்தார்கள். ஸ்கொத்லாந்து தேசத்துத் துரையொருவர்க்குத் தமிழ் நாடகத்தைக் காணிக்கையாக்கிய இச்செயல் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆசிரியருக்கு நன்றி செலுத்துவதில் ஊரும் நிறமும் பார்க்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபையைத் தொடங்கி நடத்தியவரும் அவரே.

இனி நாடகத்துக்கு வருவோம். மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அதே ஆண்டிற் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒருவர் மேடையைத் திருத்தப் புகுந்தார். மற்றவர் ஏட்டை நிரப்பப் புகுந்தார். இயல், இசை, நாடகம் என முத்தமிழ் பேசுகிறோம். ஆயினும் காவியத்துக்கு ஒரு கம்பன் இருப்பதுபோல நாடகத்துக்கு எடுத்துக்காட்ட ஒரு நூல் இல்லை என்ற குறை கற்றோர் மனத்தில் இருந்த காலம் அது. ஆங்கிலம் படித்தவர்கள் ஷேக்ஸ்பியரைக் கையில் வைத்துக்கொண்டு தமிழை எள்ளினார்கள். பிள்ளையவர்கள் அவ்வெள்ளலுக்கு வாயால் விடை கூறவில்லை. 4,500 அடிகளுக்கு மேற்பட்ட நாடகமொன்றை எழுதி வைத்தார்கள். ஐந்து அங்கம், இருபது களம். பெரும்பாலும் ஆசிரியப்பா.

கதையின் கருவை லிட்டன் பிரபு என்னும் ஆங்கில ஆசிரியர் 1866இல் வெளியிட்ட கதைத்தொகுதியில், இரகசிய வழி என்னும் பொருள்படும் தலைப்புடைய ஒன்றிலிருந்து எடுத்தார்கள். இதை அவர்கள் மறைக்கவில்லை. கரு அங்கே எடுத்தது. அதைத் திருநெல்வேலி மண்ணில் ஊன்றி, சைவ தத்துவ நீர் பாய்ச்சி வளர்த்தது இங்கே. நூலினுள் வாணி பாடுவதாக வரும் சிவகாமி சரிதமும் அவ்வாறே, கோல்ட்ஸ்மித் என்பவர் துறவியொருவரைப் பற்றிப் பாடிய கதைப்பாட்டைத் தழுவியது. படித்துப் பார்த்தால் இரவற் பொருளென்று தோன்றாது.

பாண்டியன் ஜீவகன் நல்லவன். ஆனால் கேட்பார் பேச்சுக் கேட்பவன். அமைச்சன் குடிலன் சூழ்ச்சியால் மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டிக்கொண்டு குடியேறுகிறான். மகள் மனோன்மணி, கண்டறியாத சேர மன்னன் புருடோத்தமனைக் கனவிற் கண்டு உள்ளம் பறிகொடுக்கிறாள். அவனும் அவ்வாறே அவளைக் கனவிற் காண்கிறான். திருமணத்துக்குத் தூது போகவேண்டிய இடத்தில் குடிலன் தன் மகன் பலதேவனை அனுப்பி, நாஞ்சில்நாட்டு வழக்கையும் கிளப்பிப் போரை மூட்டுகிறான். பாண்டியன் தோற்கிறான். உண்மை ஊழியனாகிய நாராயணனை ஐயுறுகிறான். துரோகியாகிய குடிலனை நம்புகிறான். கடைசியில் மகளையே பலதேவனுக்கு நள்ளிரவில் மணமுடிக்க இசைகிறான். இதற்கிடையில், முனிவர் தம் ஆச்சிரமத்திலிருந்து கோட்டைக்குள் ஒருவருக்குந் தெரியாமல் அமைத்து வைத்த சுரங்க வழியொன்றைக் குடிலன் கண்டுகொண்டு, அதன் வழியே பகைவன் பாசறைக்குப் போய் நாட்டையே விற்க முயல்கிறான். புருடோத்தமன் அவனைக் கட்டுவித்து, அவனையே வழிகாட்டியாகக் கொண்டு சுரங்கத்தின் வழியே வந்து மணமண்டபத்தில் நிற்கிறான். மாலையேந்தி நின்ற மனோன்மணி, கனவிற் கண்டவனை நனவிற் கண்டு அவனுக்கே சூட்டுகிறாள்.

ஜீவகனை உயிராகவும், குடிலனை மாயையின் வஞ்சமாகவும், முனிவரைக் குருவருளாகவும், புருடோத்தமனை இறைவனாகவும் கொண்டு இதற்குத் தத்துவப் பொருள் கூறுதல் உண்டு. ஆசிரியரே தம் முகவுரையில் அதற்கு இடம் வைத்தார்கள். சைவ நன்மக்களுக்கு அது இனிக்கும். எனினும் பரீட்சைக்குப் படிப்போர் முதல் வாசிப்பிலேயே அவ்வுட்பொருளைத் தேடிப் புகுதல் நன்றன்று என்பது நமது கருத்து. முதலில் மனிதரைக் கேளுங்கள். குடிலனின் குரலைக் கேளுங்கள். அவன் எங்கேயும் நேரே பொய் சொல்லிவிடுவதில்லை; அரசன் விரும்புவதைக் கண்டறிந்து, அது அரசனுடைய எண்ணமே போலத் திருப்பிக் கொடுக்கிறான். தனித்து நிற்கும்போது மாத்திரம் உள்ளதைச் சொல்லுகிறான். இந்த இரண்டு குரலுக்குமிடையிலேயே நாடகம் நடக்கிறது. குறிப்புப் புத்தகமோ குடிலன் வஞ்சகன் என்று ஒருவரியில் எழுதி முடித்துவிடும்.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனி உதவியொன்றுண்டு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று இருபக்கமும் பேசியவர்களைப் பற்றி நம் முதியோரைக் கேட்டால் எத்தனையோ கதை சொல்வர். கடனைத் துண்டில் எழுதி ஆளைக் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்துக் கங்காணிமார் எல்லோரும் குடிலர் என்று நாம் சொல்லவில்லை. கோவில் கட்டியவர்களும், பள்ளிக்கூடம் வைத்தவர்களும், பஞ்ச காலத்தில் தம் குடிகளைக் காத்தவர்களும் அவருள் உண்டு. ஆனால் மேலே இருப்பவன் காதும் கீழே இருப்பவன் வாயும் ஒரே மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை லயத்திற் பிறந்தவனுக்கு உரையாசிரியர் விளக்கவேண்டியதில்லை. ஜீவகன் கோட்டையின் உயரம் பார்த்து மகிழ்கிறான். அதன் கீழே ஓடும் வழியை அறியான்.

நமக்குள்ள உதவி இன்னுமொன்று. நாடகம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. மாசி மாதத்து மூன்றாம் பிறையிற் கம்பம் நாட்டிக் காமன் கூத்து ஆடாத தோட்டம் ஒருகாலத்தில் அரிது. பசறை, லுணுகலை, ஊவா மலைச்சரிவுகள் எங்கும் இரதி மன்மதன் வேடங்கட்டி, தப்பு முழங்க இரவிரவாய் ஆடுவர். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. வேடங் கட்டியவன் விரதங்காத்து, அந்நாள்களில் அந்தப் பாத்திரமாகவே மதிக்கப்படுகிறான். இரதியின் ஒப்பாரியைக் கேட்டு அழுத காது, வாணியின் துயரத்தைக் கேட்கவும் வல்லது. பரீட்சைத் தாளில் வரும் நாடகம் வேறு, பிரட்டுக் களத்தில் ஆடிய கூத்து வேறு என்று நம் மாணவர் தம் மனத்துக்குள் வேலி போட்டுக்கொள்வதற்கு யாதொரு காரணமும் இல்லை.

வேண்டியதெல்லாம் வாய்விட்டு வாசித்தல். நான்கைந்து பேர் கூடி, பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு படித்தல் வேண்டும். சந்தி சேர்ந்த அடிகள் கண்ணுக்குக் கரடுமுரடாய்த் தெரிந்தாலும், பிரித்துச் சொல்லும்போது பேச்சாகவே இருக்கின்றன. ஓரடியைப் பாதியிலே ஒருவர் நிறுத்த மற்றவர் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. தனியே ஒருவன் மௌனமாய்ப் படித்தால் அந்த வேகம் தெரியாது, இருவர் படித்தாற் சண்டை கண்முன்னே நிற்கும். போர்க்களத்தில் ஜீவகன் தன் வீரரை நோக்கிப் பேசும் பகுதியைக் குரல் நன்குள்ள ஒருவரிடம் கொடுங்கள். மற்றொன்று, வாணியின் காதலனாகிய நடராசன் வயற்பக்கம் தனித்து நின்று பேசுவது. புல்லையும் வாய்க்காலையும் பார்த்து வருபவன், மண்ணை உண்டு மண்ணை உமிழ்ந்து உழவனுக்கு ஓசையின்றி உதவும் நாங்கூழ்ப் புழுவைக் கண்டு வியந்து நிற்கிறான். மண்புழுக்கள் நிலத்தை வளப்படுத்துவதைப் பற்றி டார்வின் எழுதிய நூல் வெளிவந்தது 1881இல். பத்தாண்டுக்குள் ஒரு தமிழ் நாடகத்தில் அப்புழு அரங்கேறிவிட்டது. அரசரும் முனிவரும் பேசும் நூலில், மிகச் சிறிய உழைப்பாளிக்கு இத்துணை இடம் கொடுத்த நெஞ்சம் எத்தகையது! தேயிலைச் செடியின் அடியிலே முள்ளுக் குத்தி மண்ணைப் புரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்பகுதியைப் படிக்கையில், பொழிப்புரை தேடமாட்டார்கள் என்பது நமது நம்பிக்கை.

நாடகத்தைத் தமிழ்க் கல்வியின் நடுவே கொண்டுவந்து வைக்கும் முயற்சி பிள்ளையவர்களோடு நின்றுவிடவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்திலே நாடகவியல் பற்றிப் பேசி, ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழர்க்கு விளக்கி, 1926இல் மதங்கசூளாமணி என்னும் நூலைத் தந்தவர் நம் நாட்டுக் காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகளார். அடிகளார் பிறந்தது 1892இல், மனோன்மணீயம் வெளியான மறு ஆண்டில்.

பிள்ளையவர்கள் சரித்திர ஆராய்ச்சியிலும் வல்லுநர். திருஞானசம்பந்த சுவாமிகளைக் கால்டுவெல் ஐயர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பிள்ளையவர்கள் அதை மறுத்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவராகார் என நிறுவினார்கள். பக்தி மிகுதியால் அவ்வாறு செய்தாரல்லர். பின்வந்தோர் நூல்களில் சம்பந்தர் போற்றப்படும் இடங்களையும் கல்வெட்டுக்களையும் அடுக்கி, வழக்கறிஞர் போல வழக்காடினார்கள். திருவிதாங்கூர்க் கல்வெட்டுக்களைத் தாமே தேடிப் படித்துப் பழைய அரசர் வரலாற்றையும் 1894இல் எழுதினார்கள். சாத்திரங்களின் வகைகளைக் கூறும் நூற்றொகை விளக்கம் என்னும் நூலும் அவர்களுடையது. 1896இல் அரசாங்கம் ராவ்பகதூர்ப் பட்டம் அளித்தது.

பட்டம் பெற்று ஓராண்டு செல்லுமுன், நீரிழிவு நோயால் நலிந்து, 1897ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார்கள். வயது நாற்பத்திரண்டு. ஒரே மைந்தர் நடராசபிள்ளைக்கு அப்போது ஆறு வயது. அவரே வளர்ந்து சுதந்திரப் போரில் ஈடுபட்டு, அதன் காரணமாக ஹார்விபுரம் வீடும் நிலமும் சமஸ்தானத்தாற் பறிக்கப்பெற்று, பின்னர் திருவிதாங்கூர் கொச்சி இராச்சியத்தின் நிதியமைச்சராகவும் விளங்கியவர்.

தந்தையார் நூலோ பற்பல கைகளிற் சென்றது. எஸ். வையாபுரிப்பிள்ளை அவர்கள் 1922இல் அதனைப் பதிப்பித்தார்கள். 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸார் மனோன்மணி என்று படம் பிடித்தார்கள், பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர். நூலின் தொடக்கத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒருபகுதியை 1970இல் தமிழ்நாட்டு அரசு, விழாக்களிற் பாடும் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அதனையே மாநிலப் பாடலென அறிவித்தது. 1990இல் திருநெல்வேலியில் அமைந்த பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் பெயரே சூட்டப்பட்டது. தலைமையாசிரியராக இரண்டொரு ஆண்டு பணிபுரிந்த ஊர், நூறாண்டு கழித்தும் அவரை மறக்கவில்லை. ஆனால் வாழ்த்துப் பாடலைப் பாடுவோர் தொகையையும், அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டியோர் தொகையையும் ஒப்பிட்டால் நெஞ்சு துணுக்குறும். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவது போலாயிற்று.

நம் சங்க நூலகத்தில் மனோன்மணீயம் இரண்டு பிரதிகள் உள. ஒன்று பழையது, சில ஏடுகள் தளர்ந்திருக்கின்றன, பார்த்துப் புரட்டவேண்டும். உயர்தரம் பயிலும் அங்கத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை முடிந்தபின் ஐந்தாறு பேராகக் கூடி வாசிக்க விரும்பினால், மண்டபத்துப் பின்னறையைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்துள்ளோம். குடிலன் பகுதியை எடுத்து வாசிக்க முதியோர் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.